திறனாய்வுக் கட்டுரை: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

உயர்நிலை வகுப்பில் இலக்கியத் திறனாய்வுக் கட்டுரை எழுதச் சொன்ன மறுநாளே மேசையைச் சுற்றி நாலு பேர் வந்து நிற்பார்கள். கேட்கும் முகங்கள் ஆண்டுதோறும் மாறும், கேள்விகள் மாறாது. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்குக் கடைசிவரை ஒரே பாட்டு: குறுந்தொகை 40. ஐந்தே அடி.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார்? என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு? நானும் நீயும் எப்படி அறிந்துகொண்டோம்? ஆனாலும், செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல, அன்புள்ள நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன. பொருள் இவ்வளவுதான்.

"பாட்டோட பொருளை எழுதிட்டு 'ரொம்ப அருமை'ன்னு முடிச்சா அது திறனாய்வு ஆகாதா?"

ஆகாது. மேலே நான் கடைசியாக எழுதியது பொழிப்புரை. நம் உரை மரபிலேயே இந்தப் பிரிவினை உண்டு. சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னால் பதவுரை, மொத்தமாகத் திரட்டிச் சொன்னால் பொழிப்புரை, ஏன் இந்தச் சொல் என்று உள்ளே நுழைந்தால் விளக்கவுரை. திறனாய்வு அந்த மூன்றாவது இடத்தில்தான் தொடங்குகிறது. பாட்டு என்ன சொல்கிறது என்பது தெரிந்த பிறகு, அதை எப்படிச் சொல்கிறது, அப்படிச் சொன்னதால் என்ன நேர்ந்தது என்று பார்ப்பது.

உங்கள் பத்தி எந்த வகை என்று தெரிய ஒரு சோதனை. பாட்டையே பார்க்காமல் அதன் பொழிப்புரையை மட்டும் படித்த ஒருவர் உங்கள் பத்தியை எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் நீங்கள் இன்னும் பாட்டுக்குள் போகவில்லை.

"மையக் கருத்து வேணும்னு சொன்னீங்க. 'இந்தப் பாட்டு காதலைப் பத்தியது'ன்னு எழுதினேன். அதுக்குக் கீழே சிவப்புக் கோடு. ஏன்?"

நீங்கள் எழுதியது தவறில்லை. ஆனால் அதை யாரும் மறுக்கமாட்டார்கள், மறுக்காத ஒன்றை நிறுவ மூன்று பக்கம் எதற்கு? மையக் கருத்தைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவர், "அப்படியா? எங்கே, காட்டு" என்று சொல்ல வேண்டும்.

மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். "இப்பாடல் காதலைச் சிறப்பாகக் கூறுகிறது." இது பாராட்டு. "உறவில்லாத இருவர் அன்பால் சேர்ந்ததை இப்பாடல் கூறுகிறது." இது சுருக்கம். "என், உன் என்று பிரித்துப் பேசத் தொடங்கும் இப்பாடல், கடைசி அடியில் அந்தப் பிரிப்பையே கைவிட்டுவிடுகிறது." இங்கேதான் "காட்டு" என்று கேட்கத் தோன்றும். மூன்றாவதை எழுதியவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்: பிரிப்பு எங்கே இருக்கிறது, எங்கே போனது என்று காட்ட வேண்டும்.

"அந்த மாதிரி கருத்து எங்கேயிருந்து வரும்? ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசிச்சேன், ஒண்ணுமே வரல."

யோசிப்பதை நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்குங்கள். பாட்டைக் கையால் ஒரு தாளில் எழுதுங்கள். அச்சில் கண் ஓடிவிடும், கையால் எழுதும்போது ஒவ்வொரு சொல்லிலும் நின்றுதான் போக முடியும். திரும்ப வருவதை வட்டமிடுங்கள். பிறகு, திரும்பி வந்துகொண்டிருந்தது எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

இந்தப் பாட்டில் செய்து பார்ப்போம். யாயும், ஞாயும், எந்தையும், நுந்தையும், யானும், நீயும். முதல் மூன்று அடிகளில் "உம்" ஆறு முறை வருகிறது. நான்காம், ஐந்தாம் அடிகளில் ஒன்றுகூட இல்லை. முதல் மூன்றும் கேள்விகள், அதன்பின் கேள்வி இல்லை. முதல் மூன்றிலும் "என் பக்கம், உன் பக்கம்" என்று ஆட்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். கடைசி அடியில் யாருடைய நெஞ்சம் என்ற பேச்சே இல்லை. இதில் எதற்கும் பெரிய ஞானம் தேவையில்லை. பென்சில் போதும்.

ஏன் நின்றது என்று கேட்டு ஒரு பதிலை முயன்று பாருங்கள். அதுதான் உங்கள் கருத்தின் முதல் வடிவம். அது பிறகு மாறும், மாறட்டும்.

"எத்தனை மேற்கோள் போடணும்?"

எண்ணிக்கை கிடையாது. எந்தச் சொல்லைப் பற்றிப் பேசப் போகிறீர்களோ அந்தச் சொல்லை மட்டும் எடுங்கள். நான்கு வரியை அப்படியே இறக்கிவிட்டு அதில் ஒரு சொல்லையும் தொடாமல் நகர்ந்தால், அது தாளை நிரப்பியது என்றுதான் திருத்துபவருக்குத் தோன்றும்.

"மேற்கோள் போட்டுட்டேன். அதுக்கப்புறம் என்ன எழுதுறதுன்னு தெரியல."

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பலரும் மேற்கோளை எழுதி, அடுத்த வரியில் அதையே உரைநடையில் திரும்பச் சொல்லிவிட்டு, "அழகாக உள்ளது" என்று முடிப்பார்கள். நான் பார்க்கும் முதல் படிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"இப்பாடலில் கவிஞர் 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று கூறுகிறார். இதன்மூலம் இருவரின் தாயாருக்கும் உறவு இல்லை என்பது தெரிகிறது. இது மிக அழகாக உள்ளது."

இதையே இப்படித் திருத்தலாம்:

"முதல் மூன்று அடிகளும் ஆட்களை இணை இணையாக நிறுத்துகின்றன: யாயும் ஞாயும், எந்தையும் நுந்தையும், யானும் நீயும். ஒவ்வோர் இணையிலும் ஒருவர் என் பக்கம், மற்றவர் உன் பக்கம். சேர்க்க வேண்டிய 'உம்' ஆறு முறை வந்தும், இருவருக்கும் நடுவே உள்ள கோட்டைத்தான் காட்டுகிறது. கடைசி அடியில் அந்த 'உம்' இல்லை. 'என் நெஞ்சம்' இல்லை, 'உன் நெஞ்சம்' இல்லை. வெறும் 'நெஞ்சம்'. யாருடையது என்று கேட்க இடமில்லாமல் போகிறது."

இரண்டாவதில் "அழகு" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். படிப்பவர் அதைத் தானே சொல்லிக்கொள்வார்.

"'இப்பாடலில் உவமை அணி பயின்று வந்துள்ளது'ன்னு எழுதினேன். அதுக்குக்கூடவா மார்க் இல்ல?"

அணியின் பெயரைச் சொல்வது, மரத்தைக் காட்டி "இது மரம்" என்று சொல்வது போல. எந்த மரம், அது ஏன் இங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. தொல்காப்பியத்தின் உவமவியல் இதற்கு ஒரு நல்ல கருவியைத் தருகிறது. உவமை நான்கு வழிகளில் தோன்றும் என்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயலில் ஒப்பு, விளைவில் ஒப்பு, வடிவில் ஒப்பு, நிறத்தில் ஒப்பு. எந்த உவமையைக் கண்டாலும் இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள்.

செம்புலப் பெயல்நீரில் உங்களுக்கு உடனே தெரிவது உரு, நீர் சிவப்பாகிவிடுகிறது. கொஞ்சம் நின்று பார்த்தால் வினையும் தெரியும்: மழை எங்கிருந்தோ வருகிறது, மண் இருந்த இடத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் முன் அறிமுகம் இல்லை. முதல் மூன்று கேள்விகளும் சொன்னது இதைத்தானே? உவமையைத் தனியாகப் பிடுங்கி எடுத்து அணி என்று பெயர் ஒட்டினால் இந்தத் தொடர்பு கண்ணில் படாமல் போய்விடும்.

"கவிஞர் இதையெல்லாம் யோசிச்சா எழுதினார்? நாமதான் இல்லாததை ஏத்திச் சொல்றோமா?"

கவிஞரைக் கேட்க வழியில்லை. இந்தப் பாட்டின் கவிஞருக்கு இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் உவமையை வைத்தே செம்புலப் பெயனீரார் என்று அழைக்கிறோம். ஆகவே நம் கேள்வி அவர் மனத்தில் என்ன இருந்தது என்பது அல்ல, பாட்டில் என்ன இருக்கிறது என்பது. "உம்" ஆறு முறை வருகிறது என்பதை யாரும் ஏற்றிச் சொல்லவில்லை, எண்ணிப் பார்க்கலாம். "கவிஞர் நினைத்தார்" என்று எழுதுவதை விட்டுவிட்டு "பாடல் செய்கிறது" என்று எழுதினாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஆனால் ஏற்றிச் சொல்வது என்று ஒன்று உண்டுதான். நான்காம் அடி மற்ற அடிகளைவிடக் குறுகியது, மூன்றே சீர். "மழை பெய்த கணத்தில் பேச்சு தடுமாறி நிற்பதைக் கவிஞர் இப்படிக் காட்டுகிறார்" என்று ஒரு கட்டுரையில் படித்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய அடி மூன்று சீராக வருவது இலக்கணம். இதே யாப்பில் அமைந்த எல்லாப் பாட்டிலும் அப்படித்தான் வரும். அந்தக் குறுகலில் எந்தச் சொற்களை வைத்தார் என்பதைப் பற்றி வேண்டுமானால் பேசலாம்.

"பாட்டுல பேசுறது கவிஞர்தானே?"

இல்லை. பாட்டின் அடியில் உள்ள பழைய குறிப்பு, தலைவன் தலைவியிடம் சொன்னதாகச் சொல்கிறது: அவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள், அதை முகத்தில் கண்டு அவன் பேசுகிறான். கதைக்கும் இதே விதிதான். "நான்" என்று சொல்லும் பாத்திரம் வேறு, எழுதியவர் வேறு.

ஒரு சுவையான விஷயம். குறிப்பைக் கையால் மறைத்துவிட்டு ஐந்து அடிகளை மட்டும் படித்தால், பேசுவது ஆணா பெண்ணா என்று காட்டும் சொல் எதுவுமே இல்லை. இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம்.

"கட்டுரையில 'நான்'னு எழுதலாமா?"

உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். என் வகுப்பில் எழுதலாம். ஆனால் "நான் நினைக்கிறேன்" என்பதை அடித்துவிட்டுப் பார்த்தால் வாக்கியம் பெரும்பாலும் வலுவாகிவிடும்.

"முன்னுரையில ஆசிரியரோட பிறந்த ஊர், வாங்கின விருது எல்லாம் எழுதலாமா?"

உங்கள் கருத்துக்கு அது சான்றாக வேலை செய்தால் எழுதுங்கள். பத்தி நிரம்பட்டும் என்று எழுதினால் திருத்தும்போது முதலில் போக வேண்டியது அதுதான்.

"என் கருத்துக்கு எதிரா ஒரு சொல் பாட்டிலேயே இருக்கு. பேசாம அதை விட்டுடவா?"

விடாதீர்கள். கட்டுரை நன்றாக வரப்போகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி.

மேலே திருத்திய பத்தியையே எடுத்துக்கொள்வோம். "பிரிப்பு அழிந்துவிட்டது" என்று சொன்னோம். ஆனால் கடைசி அடியில் "தாம்" இருக்கிறது, "கலந்தன" இருக்கிறது. இரண்டும் பன்மை. எல்லாம் ஒன்றாகிவிட்டது என்றால் "கலந்தது" என்று அல்லவா முடிய வேண்டும்? பாட்டு அப்படி முடியவில்லை. நெஞ்சங்கள் கலந்தும் இரண்டாகவே எண்ணப்படுகின்றன.

இதைப் பார்த்ததும் கருத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, கூர்மையாக்கினால் போதும்: "எது யாருடையது என்ற கோட்டைப் பாடல் அழிக்கிறது. இருவர் என்ற எண்ணிக்கையை அழிக்கவில்லை." முதல் கருத்தைப் பலரும் எழுதிவிடுவார்கள். இதை, அந்தப் பன்மையில் இடறி விழுந்தவர்தான் எழுத முடியும்.

"செம்மண் தண்ணியைக் கொஞ்ச நேரம் அசையாம வெச்சா மண் அடியில தங்கி, தண்ணி தெளிஞ்சிடுமே. அப்போ உவமையே தப்புதானே?"

இதைக் கேட்டவரை வகுப்பு சிரித்து உட்கார வைத்துவிட்டது. எனக்கு அது அந்த ஆண்டின் சிறந்த கேள்வி. உவமை எல்லாப் பக்கமும் பொருந்த வேண்டியதில்லை, முன்பு சொன்ன நான்கில் ஒன்றில் பொருந்தினால் போதும் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தப்பிக்காமல் உள்ளே போனால் இன்னும் கிடைக்கும். தலைவியின் அச்சமே அதுதானே? கலந்தது தெளிந்து பிரிந்துவிடுமோ என்பதுதான். அவன் சொல்வதோ பெயல்நீர், பெய்கிற நீர். தேங்கி நிற்கும் நீர் அல்ல. அவன் அந்த முதல் கணத்தை மட்டும் காட்டி ஆறுதல் சொல்கிறான். அது அவளுக்குப் போதுமா என்பதற்குப் பாட்டில் பதில் இல்லை. அவள் பேசுவதே இல்லை.

"திருத்துறதுன்னா எழுத்துப்பிழை பார்த்து ஃபேர் காப்பி எடுக்கிறதுதானே?"

அது கடைசி வேலை. முதலில் அதைச் செய்தால், அப்புறம் அடித்துவிட வேண்டிய பத்திக்கும் சேர்த்து ஒற்றுப்பிழை பார்த்திருப்பீர்கள். அழகாக எழுதிய பக்கத்தை வெட்ட மனமும் வராது.

முதல் படி எழுதி முடித்ததும் ஓர் இரவாவது கழியட்டும். பிறகு கடைசிப் பத்தியிலிருந்து படியுங்கள். உங்கள் உண்மையான கருத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். காரணம் எளிது: எழுதி எழுதித்தான் நீங்கள் அதைக் கண்டுபிடித்தீர்கள். முதல் பத்தி எழுதும்போது உங்களுக்கே அது தெரியாது. அந்த வாக்கியத்தை வெட்டி முதல் பத்தியில் ஒட்டுங்கள். இப்போது மற்றப் பத்திகளைப் பார்த்தால், சில அதற்கு உதவும், சில எதற்கு அங்கே இருக்கின்றன என்றே தெரியாது.

அடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு வரி: "இந்தப் பத்தி சொல்வது இது." ஓர வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். இரண்டு வரி ஒன்றையே சொன்னால் ஒரு பத்தி போகலாம். ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவ வேண்டியிருந்தால் நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. ஒரு பத்திக்கு வரியே எழுத வரவில்லை என்றால் அதில் சுருக்கம்தான் இருக்கும். இவ்வளவும் முடிந்த பிறகு வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். அதன் பிறகு சந்திப்பிழை.

"அப்போ முன்னுரையை முதல்ல எழுத வேண்டாமா? முடிவுரையில என்னதான் எழுதுறது?"

முன்னுரைக்கு ஒரு தற்காலிக வரி போட்டுவிட்டு நகருங்கள். மேலே சொன்னபடி கடைசியில் கிடைப்பதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். "தமிழ் இலக்கியம் கடல் போன்றது" என்று தொடங்குவது மட்டும் வேண்டாம். அந்தக் கடலில் நான் பல முறை மூழ்கி எழுந்துவிட்டேன்.

முடிவுரையில் சொன்னதையே வேறு சொல்லில் திருப்பாதீர்கள். உங்கள் கருத்தை ஏற்றுக்கொண்டால் பாட்டின் வேறு எந்த இடம் புதிதாகத் தெரிகிறது? "கலந்தன"வின் பன்மையைக் கவனித்தவருக்கு, "அறிதும்" என்ற சொல் இப்போது கண்ணில் படலாம். யானும் நீயும் எவ்வழி அறிதும் என்று கேட்கும்போதே அந்த வினைமுற்று "நாம்" என்று இருவரையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. இப்படி ஒரு புதிய கண்ணோட்டத்தில் நிறுத்திவிடலாம்.

"டீச்சர், என் பேப்பர்ல 'இன்னும் ஆழமாக'ன்னு எழுதியிருக்கீங்க. எப்படி ஆழமா போறது?"

இதில் குற்றம் எங்கள் பக்கம். அப்படி எழுதுவது எங்களுக்கு எளிது, உங்களுக்கு அது வழிகாட்டாது. நான் சொல்ல நினைத்தது பெரும்பாலும் இதுதான்: இந்த வாக்கியத்துக்குப் பிறகு "அதனால் என்ன?" என்று கேட்டு, வரும் பதிலை எழுதுங்கள். அந்தப் பதிலிடமும் ஒருமுறை கேளுங்கள். மூன்றாவது முறை பெரும்பாலும் காற்றில் போய்விடும், அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

"ஃப்ரெண்டோட கட்டுரையைப் படிச்சு கருத்து சொல்லச் சொல்றீங்க. 'நல்லாருக்கு'ன்னு தவிர என்ன சொல்ல?"

தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "நீ சொல்ல வருவது இதுதான் என்று எனக்குப் புரிந்தது" என்று ஒரு வாக்கியம் எழுதிக் கொடுங்கள். எழுதியவர் நினைத்ததும் நீங்கள் புரிந்துகொண்டதும் வேறாக இருந்தால், எங்கே திருத்த வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். கூடவே, நீங்கள் நம்பாத ஓர் இடத்தைக் கோடிட்டுக் காட்டுங்கள்.

"உரை பார்க்கலாமா? கைடு? ஏஐகிட்ட கேட்கலாமா?"

உரை பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். குறுந்தொகைக்கு உ. வே. சாமிநாதையர் எழுதிய உரை 1937இல் வெளிவந்தது. அதில் ஒரு பாட்டுக்கான பகுதியைப் படித்தாலே நுணுக்கமாகப் பார்ப்பது எப்படி என்று தெரியும். ஆனால் முதலில் நீங்கள் பென்சிலோடு படித்துவிட்டு அப்புறம் உரைக்குப் போங்கள். முதலிலேயே போய்விட்டால் அவர் பார்த்ததைத்தான் பார்ப்பீர்கள். எடுத்துக்கொண்ட கருத்துக்குப் பெயர் சொல்லிவிடுங்கள்.

கைடும் ஏஐயும் சரளமாகத் தரும் பத்திகள் பெரும்பாலும் முதல் கேள்வியில் சொன்ன சோதனையில் தோற்றுவிடும். ஏஐ, இல்லாத அடியைக்கூட மேற்கோளாகக் கொடுத்துவிடும், மூலத்தோடு ஒப்பிடாமல் ஒரு சீரையும் எடுக்காதீர்கள். எதைக் கேட்டு எழுதினாலும், தாளை மூடி வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து அந்தக் கருத்தை வாயால் நிறுவ முடிகிறதா என்று பாருங்கள்.

"அஞ்சு அடி பாட்டுன்னா சரி. முந்நூறு பக்க நாவலுக்கு ஒவ்வொரு சொல்லையும் எண்ண முடியுமா?"

முடியாது. நாவலில் இரண்டு காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பாத்திரம் முதலில் வரும் இடம், கடைசியில் வரும் இடம். அல்லது ஒரே பொருள், ஒரு கதவோ கடிதமோ, இரண்டு முறை வரும் இடங்கள். அந்த நாலு பக்கத்தில் பாட்டுக்குச் செய்ததையே செய்யுங்கள்.

"பரீட்சையில திருத்த ஏது நேரம்?"

எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பென்சில் வேலை. முடிந்ததும் இரண்டே காரியம்: முதல் பத்தியின் மையக் கருத்தைக் கடைசிப் பத்தியோடு ஒத்துப் பார்த்து, வேறாக இருந்தால் முதலாவதை அடித்து மேலே எழுதுங்கள். பிறகு மேற்கோள்களைச் சரிபாருங்கள். அடித்துத் திருத்திய தாளைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததில்லை.

"திருத்தத் திருத்த முன்னைவிட மோசமாகுது. முதல்ல எழுதினதே நல்லா இருந்த மாதிரி இருக்கு."

சில நேரம் அது உண்மை. கருத்து மாறிவிட்டது, ஆனால் பழைய கருத்துக்காக எழுதிய வாக்கியங்கள் அப்படியே கிடக்கின்றன. "முற்றிலும் ஒன்றாகிவிட்டனர்" என்று இரண்டாம் பத்தியில் இருக்கும், "இரண்டாகவே எண்ணப்படுகின்றன" என்று ஐந்தாம் பத்தியில் இருக்கும். படிப்பவருக்குத் தலை சுற்றும், உங்களுக்கும்தான். ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு, புதிய மையக் கருத்தை வெற்றுத் தாளின் தலையில் எழுதி, பழைய படியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். முதல் படியை மட்டும் கிழித்துப் போடாதீர்கள். அதில் நன்றாக வந்திருந்த ஒரு வாக்கியம் மூன்றாம் படியில் திரும்பத் தேவைப்படும்.